வீட்டுத்தோட்டம் கேள்வி – பதில்: வாசல் பப்பாளிக்குக் காட்டு மருந்து அடிக்கலாமா?

பங்குனி வெயில் ஏற ஏற வீட்டுத்தோட்டக் கடிதங்களும் கூடிவிட்டன. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே பூச்சியைப் பற்றியவை. அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

கேள்வி: ஆத்தூர் பக்கம் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். வாசலில் நாலு பப்பாளி, செம்பருத்தி, கருவேப்பிலை, கொஞ்சம் கத்தரி இருக்கிறது. வீட்டை ஒட்டி ஒரு ஏக்கர் குச்சிக்கிழங்கு. பப்பாளிக் காயிலும் செம்பருத்திக் கொழுந்திலும் பஞ்சை ஒட்டி வைத்தது போல வெள்ளையாக அப்பியிருக்கிறது. இலையெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்துவிட்டது. போன வருடம் காட்டுக்கு வாங்கின மருந்தில் கால் பாட்டில் மிச்சம் இருக்கிறது, அதையே அடித்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். பிள்ளைகள் பழுத்த பழத்தை அப்படியே பறித்துத் தின்கிற மரம். அடிக்கலாமா?
– ஒரு வாசகி, ஆத்தூர் வட்டாரம்

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு மேலே படியுங்கள். உங்கள் வீட்டுக்காரரையும் படிக்கச் சொல்லுங்கள்.

வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காட்டில் மருந்து அடித்தால் அறுவடைக்கு இத்தனை நாள் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கலாம். வாசல் மரத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. காலையில் தாளிப்புக்கு ஒரு கொத்து கருவேப்பிலை, சாயந்திரம் இரண்டு கத்தரிக்காய், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு பழம் என்று தினமும் அறுவடைதான். பாட்டில் என்ன மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. மோனோகுரோட்டோபாஸ் என்றால், அதைக் காய்கறிக்கு அடிக்கவே கூடாது என்று 2005-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. மோனோகுரோட்டோபாஸ், இமிடாகுளோபிரிட் போன்றவை ஊடுருவிப் பாயும் மருந்துகள். செடியின் சாற்றோடு கலந்து உள்ளே போய்விடும். கழுவினால் போகாது, தோலைச் சீவினாலும் முழுதும் போகாது. லேபிளில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கடும் விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் அதற்கும் அடுத்தது, பச்சை இருப்பதில் குறைந்தது. பச்சை முக்கோணம் போட்டிருந்தாலும் அது விஷம் இல்லை என்று அர்த்தமில்லை.

இரண்டாவது காரணம் கொஞ்சம் பழைய கதை. நம் பக்கத்துக்காரர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கதை.

பப்பாளியில் அப்பும் இந்த மாவுப்பூச்சி நம் ஊர்ப் பூச்சி அல்ல. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம் அதன் பூர்வீகம். இந்தியாவில் முதலில் கண்டது 2008-ல், கோயம்புத்தூரில். அடுத்த இரண்டு வருடம் என்ன பாடுபடுத்தியது என்பது மல்பெரி வைத்திருந்தவர்களுக்கும் குச்சிக்கிழங்கு போட்டிருந்தவர்களுக்கும் மறந்திருக்காது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, கத்தரி, தேக்கு என்று ஒன்றையும் விடவில்லை. மருந்துக் கடைக்குப் படையெடுத்தார்கள். மாற்றி மாற்றி அடித்தார்கள். பூச்சி மேல் இருக்கும் மெழுகுப் பஞ்சு மருந்தை உள்ளே விடவில்லை. மேலாக இருந்தவை செத்தன, பஞ்சுக்குள் இருந்த முட்டை பொரித்துப் பத்து நாளில் மறுபடியும் வந்து நின்றது.

அதை அடக்கியது மருந்து அல்ல, ஒரு குளவி. பூச்சியின் சொந்த ஊர்ப் பக்கம் அதைத் தின்று வாழும் எதிரி எது என்று தேடி, 2010-ல் போர்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் நிறுவனம் தருவித்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றை வளர்த்துப் பெருக்கி மாவட்டம் மாவட்டமாகக் கொடுத்தது. மூன்றில் நன்றாக வேலை செய்தது அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி. பெயர்தான் குளவி, நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளிருந்தே தின்று, ஓட்டில் ஓட்டை போட்டு வெளியே வரும். விட்ட சில மாதங்களிலேயே பூச்சி அடங்கியது. அந்தக் குளவியின் வம்சம் இன்றும் நம் காட்டில் இருக்கிறது, அநேகமாக உங்கள் வாசலிலும் இருக்கும். நீங்கள் அடிக்கும் மருந்து பஞ்சுக்குள் இருக்கும் பூச்சியைக் கொல்கிறதோ இல்லையோ, வெளியே திறந்த உடம்போடு திரியும் குளவியை முதலில் கொன்றுவிடும். மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி கூடுவதன் ரகசியம் இதுதான்.

பக்கத்தில் ஒரு ஏக்கர் குச்சிக்கிழங்கு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மரவள்ளிக்கு மட்டும் என்று தனியாக ஒரு மாவுப்பூச்சி உண்டு. அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, மரவள்ளியே சோறு என்று வாழ்ந்த ஜனங்களின் வயிற்றில் அடித்தது. அதற்கான குளவியைப் பராகுவேயில் 1981-ல் கண்டுபிடித்து ஆப்பிரிக்கா முழுக்க விட்டார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானிக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே பூச்சி 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் தலைகாட்டி, சீக்கிரமே சேலம், நாமக்கல் கிழங்குக் காடுகளுக்கும் வந்தது. நுனி சுருங்கி, இலையெல்லாம் ஒரே இடத்தில் கொத்தாகக் குறுகி நின்றதைப் பார்த்திருப்பீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாட்டிலிருந்து அதே குளவியைத் தருவித்து, 2022 மார்ச் 7-ம் தேதி உங்களுக்குப் பக்கத்தில், ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்தான் முதலில் விட்டார்கள். உங்கள் வாசல் கிழங்குக் காட்டை ஒட்டி இருக்கிறது. பப்பாளிக்கு அடிக்கும் மருந்து வேலி தாண்டாது என்று குளவிக்கு யார் போய்ச் சொல்வது?

எந்தப் பூச்சி என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: ஒரு குச்சியால் மேல் மாவை மெதுவாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். உடம்பு மஞ்சளாக இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சி. கிழங்குச் செடியின் நுனியில் இருப்பது இளஞ்சிவப்பாக இருந்தால் மரவள்ளி மாவுப்பூச்சி. உங்கள் பப்பாளி, செம்பருத்தி இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதைப் பார்த்தால் முதலாவதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இனி செய்ய வேண்டியது.

முதல் நாள் எதையும் தெளிக்காதீர்கள், பாருங்கள். பஞ்சுக்கு நடுவே பழுப்பு நிறத்தில், உப்பிப்போய், அசையாமல், சிலவற்றில் சிறு வட்ட ஓட்டையோடு பூச்சிகள் கிடக்கின்றனவா? அவை குளவி தின்று முடித்த கூடுகள். கைப்பிடி அளவு இடத்தில் நாலைந்து கூடு தெரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்த மரத்தைச் சும்மா விடுங்கள். இன்னொரு ஆளையும் பார்ப்பீர்கள். மாவுப்பூச்சி போலவே வெள்ளை, ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரிது, மேலெல்லாம் நீள நீளமான மெழுகு இழை, தொட்டால் ஓடும். பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து முதலில் இதைத்தான் நசுக்குகிறார்கள். இது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்று தீர்ப்பதே அதன் தொழில். மாவுப்பூச்சி உட்கார்ந்த இடத்தை விட்டு அதிகம் நகராது. ஓடுகிற வெள்ளையைக் கொல்லாதீர்கள் என்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது எறும்பு. இலை பிசுபிசுப்பது மாவுப்பூச்சி கழிக்கும் தேன் போன்ற நீரால்தான். அதன் மேல் பூசணம் படர்ந்து இலை கறுக்கிறது. அந்தத் தேனுக்காக எறும்பு வரும். வருகிற எறும்பு சும்மா குடித்துவிட்டுப் போகாது. மாடு மேய்ப்பது போல மாவுப்பூச்சியைக் காவல் காக்கும், குளவியையும் பொறிவண்டையும் விரட்டும், குஞ்சுகளை அடுத்த கிளைக்குத் தூக்கிக்கொண்டு போகும். எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. பப்பாளித் தண்டில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பழைய துணியைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் வண்டி மசகோ கிரீஸோ தடவுங்கள். தண்டில் நேராகத் தடவக் கூடாது, பட்டை வெந்துபோகும். சுவரில் உரசும் இலை, கொடிக்கயிறு இவற்றையும் விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறும்.

அதன் பிறகு தண்ணீர். மோட்டார் ஓடும்போது ஓஸ் பைப்பின் முனையை விரலால் அழுத்திப் பிடித்து, வேகமாகப் பீய்ச்சி இலை அடியிலும் காய் இடுக்கிலும் அடியுங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை, இரண்டு வாரம். கீழே விழுந்த மாவுப்பூச்சியில் பெரும்பாலானவை மறுபடி ஏறி வராது. முற்றிலும் அப்பிய செம்பருத்திக் கொழுந்தை வெட்டி எடுத்துவிடலாம். வெட்டியதை வேலிக்கு அந்தப் பக்கம் வீசாதீர்கள், அங்கே உங்கள் கிழங்குதான் நிற்கிறது. சாக்கில் போட்டுக் கட்டி எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

தண்ணீருக்கும் அசையவில்லை, பழுப்புக் கூடு ஒன்றும் கண்ணில் படவில்லை என்றால் மட்டும் தெளிப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் காதி சோப்பைக் கரைத்து, அதோடு 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டு, எண்ணெய் மேலே மிதக்காத அளவுக்கு நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு திரிந்துபோகும், குடிதண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். பப்பாளி இலை எண்ணெய்க்குக் கொஞ்சம் நொந்துகொள்ளும் ஜாதி. முதலில் இரண்டு இலையில் மட்டும் அடித்து, இரண்டு நாள் பொறுத்து, கருகவில்லை என்று தெரிந்த பிறகு முழு மரத்துக்கும் அடிக்கலாம். ஏழு நாள் விட்டு இன்னொரு முறை. பழத்தைக் கழுவித் தோல் சீவித் தின்னலாம். கடையில் வெர்டிசீலியம் என்ற பூஞ்சாணப் பொடி கொடுப்பார்கள். மோசமில்லை, ஆனால் அது காற்றில் ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும். பங்குனி, சித்திரையில் அதற்குக் காசு கொடுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஐப்பசியில் வாங்கினால் பலன் உண்டு.

மிச்ச மருந்தை என்ன செய்வது? லேபிளில் எந்தப் பயிர் போட்டிருக்கிறதோ அந்தப் பயிருக்கு, காலாவதித் தேதிக்குள், காட்டில் அடித்துத் தீர்க்கலாம். காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரையும் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றி, பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள். கிணற்று மேட்டிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது. தண்ணீர் பாட்டில், கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் மட்டும் ஒருநாளும் மாற்றி ஊற்றி வைக்காதீர்கள்.

இதே கேள்வியை எழுதிய இன்னும் இரண்டு பேர் ஏற்கெனவே அடித்துவிட்டோம் என்கிறார்கள். அவர்களுக்கு: மரத்தில் இப்போது இருக்கும் காய், பிஞ்சு எல்லாவற்றையும் பறித்துப் புதைத்துவிடுங்கள், ஆட்டுக்கும் போடாதீர்கள். அடித்த பிறகு புதிதாகப் பூத்து வரும் காயிலிருந்து சாப்பிடுங்கள். கருவேப்பிலையில் பட்டிருந்தால் முழுக்கக் கவாத்து செய்து, புதுத் தழை வந்து முற்றும் வரை கிள்ள வேண்டாம். கோழிகள் மரத்தடியில் மேயாமல் ஒரு வாரமாவது அடைத்து வையுங்கள். வீட்டில் யாருக்காவது வாயில் எச்சில் ஊறி வழிதல், வாந்தி, உடம்பு வியர்த்துக் கொட்டுதல், கண்ணின் கருமணி ஊசிமுனை போலச் சுருங்குதல், மூச்சுத் திணறல் இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். 108-க்குச் சொல்லி, மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சீக்கிரம் முறி மருந்து கொடுக்க முடியும்.

கேள்வி: கோழிப்பண்ணையில் வேலை செய்கிறேன். எரு சும்மாவே கிடைக்கிறது என்று இரண்டு மூட்டை கொண்டு வந்து வீட்டுக் கத்தரி, மிளகாய்க்குப் போட்டேன். ஒரே வாரத்தில் இலை ஓரம் கருகி நாற்றெல்லாம் போய்விட்டது. எலுமிச்சையும் கருவேப்பிலையும் தப்பித்தன, ஆனால் இப்போது துளிர்க்கிற இலை வெளுத்து மஞ்சளாக வருகிறது. எரு போட்டும் ஏன் இப்படி?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: எரு போட்டதால்தான் இப்படி. நாமக்கல்லில் கோழி எரு கிடைப்பது அதிர்ஷ்டம்தான், ஆனால் அது மாட்டுச் சாணம் மாதிரி இல்லை. கூண்டுக்கு அடியில் விழுந்த எச்சம் பச்சையாக இருக்கும்போது தழைச்சத்து அம்மோனியாவாக மாறி ஆவி கிளப்பும். மூட்டையைத் திறந்ததும் கண் எரிந்திருக்குமே, அதேதான் வேரையும் எரித்தது. அதோடு உப்பும் சூடும் சேர்ந்தன. போன செடி போகட்டும். மேலே கிடக்கும் எருவை வாரி எடுத்துவிட்டு, அந்தப் பாத்திக்கு மூன்று நாள் தொடர்ந்து நன்றாகத் தண்ணீர் கட்டி, மூன்று வாரம் ஆறப்போட்டுப் புது நாற்று வையுங்கள்.

வாரி எடுத்ததை வீணாக்க வேண்டாம். ஒரு கூடை எருவுக்கு மூன்று கூடை காய்ந்த சருகு, நறுக்கிய சோளத்தட்டு, தென்னை நார்க்கழிவு எது கிடைக்கிறதோ அதைக் கலந்து, நிழலில் இடுப்பளவு உயரத்துக்குக் குவியுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. 15 நாளுக்கு ஒரு முறை புரட்டி, மேலே மண்ணோ சாக்கோ போட்டு மூடி வைத்தால் ஈத்தொல்லையும் இருக்காது. 90 நாளில் ஆகிவிடும். குவியலுக்குள் கையை விட்டால் சூடு இருக்கக் கூடாது, முகர்ந்தால் மூக்கைத் தாக்கக் கூடாது, மண்வாசம் வர வேண்டும். அப்படி ஆனதை ஒரு கத்தரிச் செடிக்கு இரண்டு கைப்பிடி, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டால் போதும்.

எலுமிச்சை, கருவேப்பிலை விஷயம் வேறு. வெளுத்த இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சை, நடுவில் மஞ்சள், அதுவும் புது இலையில் மட்டும் என்றால் இரும்புச்சத்துக் குறை. அடி இலை முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை, குழப்பிக்கொள்ள வேண்டாம். முட்டைக்கோழித் தீவனத்தில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல் நிறையச் சேர்ப்பார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓட்டுக்குப் போக மிச்சம் எச்சத்தோடு வருகிறது. நம் மண்ணில் பல இடங்களில் ஏற்கெனவே சுக்கான் கல் கிடக்கிறது, போர்த் தண்ணீரும் அப்படித்தான். சுண்ணாம்பு கூடினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாது. (சேலத்தில் ஒரு குன்றுக்கே சுண்ணாம்புக் கரடு என்று பெயர். அங்கே வெட்டுவது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட் என்பது வேறு கதை.)

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கேளுங்கள். வெளிர் பச்சை நிறத்தில் இருக்க வேண்டும். துருப்பிடித்த பழுப்பு நிறத்தில் இருந்தால் வீரியம் போனது, வாங்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, அதில் அரை மூடி எலுமிச்சைச் சாறு. கலந்த உடனே சாயந்திர நேரத்தில் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. புதுத் துளிர் பச்சையாக வரும், ஏற்கெனவே வெளுத்தது முழுதாகத் திரும்பாது. அன்னபேதியைத் தனியாக மண்ணில் கொட்டினால் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், காசுதான் நஷ்டம். இந்த இரண்டு மரத்துக்கும் இனிமேல் கோழி எருவை நிறுத்திவிட்டுத் தொழு உரம் மட்டும் போடுங்கள். அந்த எருவைத் தென்னைக்கு மக்க வைத்துப் போடலாம், தாங்கும்.

கேள்வி: பந்தலில் சுரை, புடலை, பாகல் மூன்றும் கொடி நன்றாக ஓடியிருக்கிறது, பூவும் நிறைய. பாகல் மட்டும் காய்க்கிறது. சுரையும் புடலையும் பிஞ்சிலேயே மஞ்சளாகி உதிர்கிறது. ஏதாவது டானிக் அடிக்கலாமா?
– ஒரு வாசகி, பரமத்திவேலூர்

பதில்: டானிக் வேண்டாம், நேரம்தான் பிரச்சனை. பாகல், பரங்கி, வெள்ளரிப் பூக்கள் காலையில் விரியும், தேனீ வந்து வேலையை முடித்துவிடும். சுரை, புடலை, பீர்க்கன் பூக்கள் பொழுது சாயும் நேரத்தில் விரிபவை. அவற்றுக்கு இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள்தான் முக்கியமாக மகரந்தம் கொண்டு வரும். பக்கத்தில் வாசல் லைட் எரிந்தாலோ, சாயந்திரம் மருந்து அடித்தாலோ அவை வருவது குறையும். மருந்தை வெயில் தாழ்ந்து அடியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மேலே சொல்லியிருக்கிறேன். அது பப்பாளிக்குச் சரி. சுரைப் பந்தலுக்கு எதையாவது தெளிக்க வேண்டி வந்தால், பூ மூடிய பிறகு காலையில் தெளிப்பதே நல்லது.

நீங்களே மகரந்தம் சேர்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. சாயந்திரம் ஆறு, ஏழு மணிக்கு அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் லேசாகத் தேய்த்துவிடுங்கள். மறுநாள் காலையில் செய்தால் பெரும்பாலும் பிடிக்காது. கொடி ஓடத் தொடங்கிய முதல் இரண்டு வாரம் ஆண் பூ மட்டுமே வரும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். கொடி கரும்பச்சையாக, கொழுகொழுவென்று ஓடினால் தழைச்சத்து அதிகம். யூரியா போட்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஒன்று மட்டும் சோதித்துப் பாருங்கள். உதிர்ந்த பிஞ்சை நறுக்கினால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறதா? இருந்தால் அது பழ ஈ. விழுந்த பிஞ்சை எல்லாம் தினமும் பொறுக்கி, இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். குப்பைக் குழியில் போட்டால் அங்கேயே கூடு கட்டித் திரும்பி வரும். பூசணி வகைக்கான பழ ஈக் கவர்ச்சிப் பொறி பந்தலுக்கு ஒன்று கட்டினால் போதும். வாங்கும்போது பந்தல் காய்க்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள், மா மரத்துக்குத் தரும் பொறி இதற்கு உதவாது.

கேள்வி: தக்காளி காய் நன்றாகப் பெருக்கிறது, ஆனால் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்துவிடுகிறது. புழுவும் இல்லை. எங்கள் அத்தை சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்.
– ஒரு வாசகி, ஓமலூர்

பதில்: உங்கள் அத்தை சொன்னதில் பாதி சரி. காயின் அடிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவதுதான் இது, நோய் இல்லை. ஆனால் நம் மண்ணில் சுண்ணாம்புக்குப் பஞ்சம் கிடையாது. அதைக் காய்க்குக் கொண்டு போக வேண்டிய தண்ணீர்தான் ஒழுங்காகப் போவதில்லை. மூன்று நாள் காயவிட்டு நாலாம் நாள் பாத்தி நிரம்பக் கட்டுவதை நிறுத்துங்கள். காலையில் கொஞ்சம், தினமும் ஒரே அளவு. செடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த சருகோ வைக்கோலோ பரப்புங்கள். தொட்டியில் இருந்தால் இந்த வெயிலுக்கு இரண்டு வேளை. யூரியா வேண்டாம். கறுத்த காயைக் கிள்ளி எறியுங்கள், அது சரியாகாது. அடுத்து வரும் காய்களில் இரண்டு, மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும். கறுத்த பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம், தீங்கில்லை.

கேள்வி: தண்ணீர்ப் பஞ்சம். துணி துவைத்த தண்ணீரைச் செடிக்கு விடலாமா?
– ஒரு வாசகர், எடப்பாடி

பதில்: சோப்புத்தூள் கலந்த முதல் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள சோடா உப்பு மண்ணை இறுக்கிவிடும். இரண்டாவது, மூன்றாவது அலசல் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் மாற்றி மாற்றி விடலாம், தினமும் ஒரே மரத்துக்கு வேண்டாம். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர் எல்லாச் செடிக்கும் நல்லது. கீரைக்கும் பச்சையாகத் தின்னும் எதற்கும் அலசல் தண்ணீர் கூடாது. மண் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தால் நிறுத்திவிட்டு, முதல் மழைத் தண்ணீரை அந்தப் பாத்தியில் தேங்க விடுங்கள்.

நோய் கண்ட இலையை நேரில் காட்ட விரும்புகிறவர்கள், சேலம் மாவட்டத்தில் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும், நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் போகலாம். இலையை ஈரத்துணியில் சுற்றாமல், காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள். பூச்சியாக இருந்தால் மூடி போட்ட டப்பாவில், எந்தச் செடியில் கண்டது என்று எழுதி ஒட்டி எடுத்துப் போக வேண்டும். மரவள்ளிக் கேள்வி என்றால் நேராக ஏத்தாப்பூர். போனில் கேட்க, கட்டணமில்லாத கிசான் அழைப்பு மையம்: 1800-180-1551. தமிழிலேயே பேசலாம்.

அடுத்த இதழில் முருங்கைக் கம்பளிப்பூச்சி பற்றி வந்திருக்கும் கேள்விகளை எடுத்துக்கொள்வோம். எழுதுகிறவர்கள் செடியின் வயது, என்ன தண்ணீர், கடைசியாக என்ன உரம் போட்டீர்கள், என்ன மருந்து அடித்தீர்கள் என்ற நாலையும் சேர்த்து எழுதுங்கள்.